பேட்டரி தளர்ந்தால் கைபேசியையே மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 2021 தீபாவளிக்கு என் மகன் வாங்கித் தந்த ஆண்ட்ராய்டு கைபேசியைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் பிற்பகல் மூன்று மணிக்குள் அணைந்துவிடுகிறது. முன்பைவிட மெதுவாகவும் இயங்குகிறது. "இத்தனை வருடம் உழைத்ததே பெரிது, புதிதாக வாங்கிவிடலாம்" என்கிறான் மகன். எனக்கு வாட்ஸ்அப், வங்கிச் செயலி, பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பு ஆகியவை போதும். மாற்றத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, வாங்கிய ஆண்டைக் கொண்டு கைபேசிக்கு வயது சொல்வது நம் வழக்கம். ஆனால் அதற்குள் இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. சிப், திரை, ஒலிபெருக்கி ஆகியவை கீழே விழாமலும் நனையாமலும் இருந்தால் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. முதலில் தளர்வது பேட்டரிதான். லித்தியம்-அயனி பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதிலுள்ள லித்தியத்தில் மிகச் சிறிய பங்கு மின்முனையின் மேல் படலமாகப் படிந்து, திரும்பப் பயன்படாமல் போய்விடுகிறது. இன்று பாதி, நாளை பாதி என்று செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று என்பது கணக்கு. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி 500 சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலான மாதிரிகளின் பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பிறகும் தொடக்கத் திறனில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், உங்கள் கைபேசி அந்த இரண்டு எல்லைகளையுமே கடந்திருக்கும். ஆகவே பிற்பகலில் அணைந்துபோவது இயல்பான தேய்மானம். அதற்கு மருந்து புதிய பேட்டரி. உங்கள் கைபேசியைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, புதிய கைபேசியின் விலையில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும்.

வேகம் குறைந்ததற்கும் பேட்டரிக்கும்கூடச் சில சமயம் தொடர்பு உண்டு. தளர்ந்த பேட்டரியால் சிப் திடீரென்று கேட்கும் மிகுதியான மின்னோட்டத்தைத் தர முடியாது. அப்போது மின்னழுத்தம் சரிந்து கைபேசி அணைந்துவிடும். அவ்வாறு அணையாமல் இருப்பதற்காகப் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, பயனர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. மெதுவாகிவிட்டது என்று பலரும் கைவிட நினைத்த கைபேசிகள் பேட்டரியை மாற்றியதும் பழைய வேகத்துக்குத் திரும்பின. உங்களுடையது ஆண்ட்ராய்டு என்பதால் இன்னொரு காரணமே கூடுதலாகப் பொருந்தும் என்று கருதுகிறேன்: சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் படங்களும் வீடியோக்களும் 64 ஜிபி சேமிப்பிடத்தை எளிதில் நிரப்பிவிடும். நிரம்பிய சேமிப்பிடத்தில் எழுதுவதற்கு இடம் தேடியே கைபேசி திணறும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்று, பெரிய கோப்புகளை முதலில் நீக்கிவிட்டு ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உண்மையில் உங்கள் கேள்விக்கான விடையே அதில்தான் அடங்கியிருக்கிறது. அமைப்புகளில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால், ஆண்ட்ராய்டு பதிப்பின் கீழ் 'பாதுகாப்பு அப்டேட்' என்று ஒரு தேதி காணப்படும். அந்தத் தேதி கடந்த சில மாதங்களுக்குள் இருந்தால், நிறுவனம் இன்னும் உங்கள் கைபேசியின் ஓட்டைகளை அடைத்துவருகிறது என்று பொருள். தயங்காமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கும் முந்தைய தேதியாக இருந்தால், அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகள் எல்லாம் அப்படியே திறந்துகிடக்கின்றன. ஓய்வூதியப் பணம் இருக்கும் வங்கிக் கணக்கை அத்தகைய கைபேசியில் வைத்திருக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்த நிலையில் மகன் சொல்வதே சரி, அவர் சொல்லும் காரணம் வேறாக இருந்தாலும். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். வங்கிச் செயலியையும் யுபிஐ செயலியையும் நீக்கிவிட்டு, பாட்டுக் கேட்கவும் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசவும் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. கைபேசியின் பின்மூடி புடைத்திருந்தாலோ, திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டிருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. அணைத்துவிட்டு, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் தந்தையின் நோக்கியாவில் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை அவரே மாற்றுவார். இப்போது எல்லாவற்றையும் ஒட்டி மூடிவிடுகிறார்கள். நம்மை அடிக்கடி புதிது வாங்க வைப்பதற்கான சூழ்ச்சிதானே இது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: சூழ்ச்சி என்று முழுவதுமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நிறுவனங்களுக்கு இதில் ஆதாயம் இல்லை என்று சொல்லவும் முடியாது.

கழற்றக்கூடிய பேட்டரியைப் பயனர் தம் கையால் எடுப்பார், கீழே போடுவார், சட்டைப்பையில் சாவியோடு சேர்த்து வைப்பார். ஆகவே அதற்குக் கெட்டியான உறை வேண்டும். அதைத் தாங்கக் கைபேசிக்குள் ஒரு குழியும் சுவரும் வேண்டும். மேலே ஒரு மூடி வேண்டும். இவை அனைத்தும் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒட்டி மூடும் பேட்டரிக்கு மெல்லிய உறை போதும். உள்ளிருக்கும் இடத்துக்குத் தகுந்தபடி அதை வார்த்துக்கொள்ளவும் முடியும். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸில் பேட்டரியை ஆங்கில எல் எழுத்தின் வடிவத்தில் அமைத்திருந்தார்கள். கைக்குள் அடங்க வேண்டிய ஒரு பொருளில் ஒவ்வொரு கன மில்லிமீட்டருக்கும் பேட்டரி, கேமரா, ஒலிபெருக்கி, சிம் தட்டு எல்லாம் போட்டியிடுகின்றன. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்றிடமிருந்து எடுத்தாக வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சாம்சங்கின் மூன்று மாதிரிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2014-இல் வந்த கேலக்ஸி எஸ்5-இன் தடிமன் 8.1 மில்லிமீட்டர், 2800 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரியைக் கையால் கழற்றலாம், மெமரி கார்டு போடலாம், அத்தனைக்கும் மேலாக, ஐபி67 தரத்தில் நீரையும் தாங்கியது. "பிளாஸ்டிக் போல் இருக்கிறது" என்று விமர்சகர்கள் குறைகூறினார்கள். மறு ஆண்டு வந்த எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக 6.8 மில்லிமீட்டரில் பளபளத்தது. பேட்டரி 2550 எம்ஏஎச்சாகக் குறைந்து உள்ளே ஒட்டப்பட்டது. மெமரி கார்டும் போயிற்று, நீர்த்தடுப்பும் போயிற்று. பயனர்களின் அதிருப்திக்குப் பிறகு 2016-இல் வந்த எஸ்7 மீண்டும் 7.9 மில்லிமீட்டருக்குத் தடித்து, 3000 எம்ஏஎச் பேட்டரியையும் மெமரி கார்டையும் நீர்த்தடுப்பையும் திரும்பக் கொண்டுவந்தது. கழற்றும் பேட்டரி மட்டும் திரும்பவே இல்லை.

நீர்த்தடுப்புக்காகத்தான் ஒட்டி மூடுகிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை எஸ்5 அன்றைக்கே பொய்யாக்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். 2024-இல் அதே நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்கவர்7 மாதிரியிலும் ஐபி68 தரமும் கழற்றும் பேட்டரியும் சேர்ந்தே இருக்கின்றன. அதன் தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல். ஆக, முடியாது என்பதல்ல உண்மை. மெல்லியதாகவும் கண்ணாடி முதுகோடும் வேண்டும் என்றால் முடியாது என்பதே உண்மை.

உங்கள் தந்தை வைத்திருந்தது நோக்கியா 1100 போன்ற ஒன்றாக இருந்தால், அதில் இருந்தது பிஎல்-5சி என்ற பேட்டரி. 2007 ஆகஸ்டில், ஒரு குறிப்பிட்ட நிறுவனம் தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது மிகையாகச் சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. பேட்டரியின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, கைபேசியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளப் பயனர்களால் முடிந்தது. 2016-இல் சாம்சங் நோட் 7-இன் பேட்டரிகள் தீப்பற்றியபோது கைபேசிகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் எரியவே, அந்த மாதிரியின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஒட்டி மூடுவதன் முழு விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

நிலைமை ஓரளவு மாறிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரியைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டு பயனரே மாற்ற முடிய வேண்டும். இல்லாவிட்டால், பேட்டரி 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும், கைபேசி நீரில் மூழ்கினாலும் தாங்க வேண்டும். அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. பொறியியல் படிக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாளை இந்தத் துறைக்குப் போனால், எஸ்5-ஐ ஒரு முறை பிரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: திருமண நிகழ்ச்சிகளில் சிறிய அளவில் படம் எடுத்துத் தருகிறேன். என்னிடம் இருப்பது 12 மெகாபிக்சல் கேமரா. 200 மெகாபிக்சல் கைபேசிக்கு மாறினால் படம் எத்தனை மடங்கு தெளிவாகும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து மடங்கு கணக்கிடாதீர்கள். 2023-இல் வந்த கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில், ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் சென்சார் 200 மெகாபிக்சல் கொண்டது. ஆனால் வழக்கமாக நாம் படம் எடுக்கும்போது 16 பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. ஏனெனில் தனித்தனியே அந்தப் பிக்சல்கள் மிகவும் சிறியவை, ஒவ்வொன்றும் 0.6 மைக்ரான். மண்டபத்தின் மங்கலான மூலையில் அவ்வளவு சிறிய பிக்சலில் விழும் ஒளி போதாமல் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மிகுந்த வெளிச்சத்தில் எடுத்து, ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டிய இடத்தில்தான் 200 மெகாபிக்சல் தன் பயனைக் காட்டும்.

உங்களுக்கு உதவக்கூடியது சென்சாரின் பரப்பளவு. பரப்பு பெரிதானால் கூடுதல் ஒளி விழும். ஆனால் சென்சார் பெரிதானால் அதற்கும் லென்சுக்கும் இடையிலான தொலைவும் கூட வேண்டும். மெல்லிய கைபேசியில் அதற்கு இடமில்லாததால்தான் கேமரா பகுதி முதுகில் மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. தொலைவிலிருப்பதை நெருக்கிக் காட்டும் லென்சுக்கு இன்னும் நீளம் வேண்டும் என்பதால், ஒளியை ஒரு பட்டகத்தால் செங்குத்தாகத் திருப்பி, கைபேசியின் அகலவாட்டில் லென்சுகளைப் படுக்க வைக்கும் முறையை 2019-இல் ஹுவாவேயின் பி30 ப்ரோ பரவலாக்கியது. அதற்காகச் செலவான இடமும் பேட்டரிக்குப் போயிருக்க வேண்டிய இடம்தான்.

மென்பொருளின் பங்கையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கூகுள் தன் பிக்சல் வரிசையில் 2018-இன் பிக்சல் 3 முதல் 2020-இன் பிக்சல் 5 வரை முதன்மைக் கேமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. பல படங்களைக் கணப்பொழுதில் எடுத்து ஒன்றாகக் கோக்கும் முறையால் அந்த ஆண்டுகளில் அதன் இரவுப் படங்கள் பெயர் பெற்றன. எனவே கடைக்குச் சென்று, கடையின் பளிச்சென்ற விளக்கில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கைபேசி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மாலை வாங்கி, மணமேடை அளவு வெளிச்சத்தில், நடமாடும் மனிதர்களை எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த கைபேசிகளில் மூன்று நான்கு லென்சுகள் இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றுள் 2 மெகாபிக்சல் என்று குறிப்பிடப்படுபவை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக வைக்கப்பட்டவை என்பதே என் கருத்து.

கேள்வி: உணவு விநியோக வேலையில் இருக்கிறேன். பைக்கின் ஹேண்டில்பாரில் ஹோல்டர் பொருத்தி, அதில் கைபேசியை வைத்து வழி பார்த்து ஓட்டுவேன். ஓராண்டில் கேமரா கலங்கலாகிவிட்டது, பேட்டரியும் நிற்பதில்லை. விலை கூடிய கைபேசியாக வாங்கினால் தாங்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கேமராவைப் பொறுத்தவரை, விலை கூடிய கைபேசிதான் இந்த வேலையில் எளிதாகப் பழுதாகும். கை நடுக்கத்தைச் சமன்செய்ய அவற்றின் கேமரா லென்சைக் காந்தத்தால் மிதக்க விட்டிருப்பார்கள். படம் தெளிவாக வருவதற்கான அந்த ஏற்பாட்டை பைக் எஞ்சினின் இடையறாத அதிர்வு மெல்ல மெல்லச் சீர்குலைத்துவிடும். ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் ஐபோனைப் பொருத்த வேண்டாம் என்று ஆப்பிள் 2021-இல் வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. மதுரை வெயிலில், திரையின் ஒளியை முழுதாக ஏற்றி, சார்ஜும் போட்டபடி ஓட்டினால் பேட்டரிக்கு அதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை. வெப்பம்தான் லித்தியம் பேட்டரியை மிக விரைவாகத் தளர்த்துவது.

உங்களுக்கு ஏற்றது நடுத்தர விலையில் பெரிய பேட்டரி கொண்ட கைபேசி. கேமராவுக்கென்று கூடுதல் பணம் தர வேண்டாம். அதிர்வைத் தணிக்கும் ரப்பர் அமைப்புள்ள ஹோல்டர் கிடைக்கிறது. அதில் முதலில் செலவழியுங்கள். வழியைக் காதொலிக் கருவியில் கேட்பது போக்குவரத்து விதிக்கும் பாதுகாப்புக்கும் ஒவ்வாது என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. தெரிந்த சாலைகளில் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, தெருவுக்குள் நுழைந்த பிறகு வண்டியை நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் கை சிறியது. ஒரு கையால் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இயக்கக்கூடிய சிறிய கைபேசி ஏன் இப்போது வருவதில்லை?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: வந்தது, போதுமான பேர் வாங்கவில்லை. ஆப்பிள் 2020-இல் 5.4 அங்குலத் திரையோடு ஐபோன் 12 மினியையும், அடுத்த ஆண்டு 13 மினியையும் கொண்டுவந்தது. 2022-இல் புதிய மினியை வெளியிடாமல், அதன் இடத்தில் 6.7 அங்குல ப்ளஸ் மாதிரியை வைத்தது. திரையைச் சுருக்கினாலும் கேமராவும் சிப் பலகையும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. குறைகிற இடமெல்லாம் பேட்டரியிடமிருந்தே பறிபோகிறது. 12 மினி பயனர்களின் முதன்மையான குறை பேட்டரி மாலைவரை நிற்பதில்லை என்பதே.

சிறியது வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இப்போது மெல்லியதைக் கொடுக்கிறார்கள். 2025-இல் வந்த ஐபோன் ஏரின் தடிமன் 5.6 மில்லிமீட்டர், பின்புறம் ஒரே கேமரா. அதே ஆண்டின் கேலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர்; அதன் 3900 எம்ஏஎச் பேட்டரி, 8.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஸ்25 அல்ட்ராவின் 5000 எம்ஏஎச்சுடன் ஒப்பிட்டால் மிகவும் குறைவு. மெல்லிய கைபேசியால் உங்கள் கட்டைவிரல் திரையின் மறு ஓரத்தை எட்டிவிடாது. எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு முன்னேற்றம்: பேட்டரியின் எதிர்மின்முனையில் கிராஃபைட்டோடு சிலிக்கானைச் சேர்க்கும் முறை. சிலிக்கான் பன்மடங்கு லித்தியத்தை ஏற்கும். ஆனால் ஏற்கும்போது பெரிதாக உப்பும் என்பதால் கார்பனோடு கலந்து கட்டுப்படுத்துகிறார்கள். இதைக் கொண்டு சீன நிறுவனங்கள் 7000 எம்ஏஎச் பேட்டரியை வழக்கமான அளவுள்ள கைபேசிக்குள் அடக்கிவிட்டன. இதே நுட்பம் சிறிய கைபேசிக்குக் கிடைத்தால் உங்கள் குறை தீரும். அதுவரை, திரை அளவைப் பார்க்காமல் கைபேசியின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். 71, 72 மில்லிமீட்டருக்குள் இருப்பவை கைக்கு ஓரளவு அடங்கும்.

கேள்வி: ஐபி68 என்று போட்டிருந்தால் கடலுக்கு எடுத்துச் செல்லலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடாது. அந்தச் சோதனை அசைவற்ற நன்னீரில், புதிய கைபேசியைக் கொண்டு செய்யப்படுவது. உப்புநீர் சார்ஜ் துளையின் உலோகத்தை அரித்துவிடும். உள்ளிருக்கும் ஒட்டும் பசை வெயிலிலும், கீழே விழும் அதிர்ச்சியிலும், பேட்டரி மாற்றத் திறந்த பிறகும் வலுவிழக்கும். நீர் புகுந்த பழுதுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது. படகில் போகும்போது இறுக மூடும் நீர்புகா உறையைப் பயன்படுத்துங்கள். நனைந்துவிட்டால், நன்றாக உலரும்வரை சார்ஜ் போட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் 30,000 ரூபாய் இருக்கிறது. புதிதாக வந்த நடுத்தரக் கைபேசியை வாங்குவதா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயர்விலையில் வந்த ஒன்றைப் பழையதாக வாங்குவதா?
– கல்லூரி விரிவுரையாளர், நாகர்கோவில்

பதில்: விலையை, எஞ்சியிருக்கும் அப்டேட் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட்டை அறிவித்தன. அந்த ஏழாண்டு, மாதிரி வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. பிக்சல் 8-ஐ என்றைக்கு வாங்கினாலும் 2030 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிடும். அப்படிப் பார்த்தாலும், 30,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டு எஞ்சியிருக்கும் பழைய உயர்விலைக் கைபேசி ஆண்டுக்கு 6,000 ரூபாய் ஆகிறது. அதே விலைக்கு மூன்று ஆண்டு மட்டுமே உறுதி தரும் புதிய கைபேசி ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. பழையதற்குப் பேட்டரி மாற்றும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் பெரும்பாலும் அதுவே மலிவாக இருக்கும். சிப்பின் வேகத்திலும் கேமராவிலும் அதுவே மேலானதாக இருக்கும் என்பதால், நானாக இருந்தால் பழையதையே தேர்ந்தெடுப்பேன்.

வாங்கும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. *#06# என்று அழுத்தினால் கைபேசியின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், அது முடக்கப்பட்ட கைபேசியா, போலி எண்ணா என்பது தெரிந்துவிடும். பிறகு முழுவெள்ளைப் படமொன்றைத் திரையில் நிறுத்திப் பாருங்கள்; ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும்) திரையில் விசைப்பலகையின் நிழலோ செயலிச் சின்னங்களின் தடமோ மங்கலாகத் தெரிந்தால் அது தேய்ந்த திரை, அதை மாற்றும் செலவு உங்கள் கணக்கையே குலைத்துவிடும். கடைசியாக, விற்பவர் தம் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன்னே கைபேசியை முழுதாக அழித்துக் கொடுத்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.